அட்டை அடித்தவரும் ஏரி வாரியமும்

ஜக்கார்டு அட்டையைக் காட்டி, 'கம்ப்யூட்டருக்கே இதுதான் பாட்டன்' என்று சொல்வது காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சொல்வதில் பொய் இல்லை. பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு செய்துகாட்டிய தறிப்பெட்டி, துளையிட்ட அட்டையைப் பார்த்துத்தான் எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று முடிவுசெய்தது. 1830களில் சார்லஸ் பாபேஜ் தான் கற்பனை செய்த கணிப்பு எந்திரத்துக்கு அதே அட்டையைக் கடன் வாங்கினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளை வைத்து எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி பிற கம்பெனிகளோடு சேர்ந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது. எல்லாம் சரி. ஆனால் இந்த வம்சாவளியில் காஞ்சிக்கு இடம் எங்கே? லியோனில் பிறந்த பெட்டி இங்கே பரவலாக வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே இந்த ஊர் கரையிலும் முந்தானையிலும் வேலைப்பாடு செய்து விற்றுவந்திருக்கிறது. அட்டையில் உள்ள ஓட்டையை வைத்து ஐடி கம்பெனியோடு உறவு கொண்டாடுவது, கல்யாணப் பத்திரிகையில் தூரத்துச் சொந்தக்காரரின் பட்டத்தைப் போட்டுக்கொள்வது மாதிரியான காரியம். காஞ்சிக்கும் இன்றைய கணினித் தொழிலுக்கும் உறவு உண்டு என்றால், அதைத் தறியில் உட்கார்ந்தவரிடம் தேடுவதைவிட, தறி நின்றுபோனால் கூப்பிட்டனுப்பப்பட்டவரிடம் தேட வேண்டும். நெட்வொர்க், சர்வர், ஹெல்ப் டெஸ்க் என்று இன்று பல பெயர்களில் வழங்கும் சிஸ்டம் பராமரிப்பு வேலைக்கு இந்த வட்டாரத்தில் இரண்டு முன்னோர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பதவியில் இருந்தவர், இன்னொருவர் கூலிக்கு வந்தவர். இரண்டு பேரும் செய்தது ஓடுகிற ஒன்றை ஓடவைக்கும் வேலைதான். மதிப்பு மட்டும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. அந்த வித்தியாசம் இன்றைக்கும் தொடர்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கூலிக்கு வந்தவரைப் பார்ப்போம். பட்டுப் புடவை என்றதும் நெசவாளரும் கடை முதலாளியும் நினைவுக்கு வருகிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கூட்டமே இருக்கிறது. பட்டை முறுக்குகிறவர், சாயம் போடுகிறவர், பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள், வீட்டில் தார் சுற்றும் பெண்கள், பழைய பாவின் கடைசி இழையோடு புதுப் பாவின் முதல் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறவர், கிராப் தாளில் கட்டம் போட்டு டிசைன் வரைகிறவர், அதைப் பார்த்து அட்டை அடிக்கிறவர், ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுக்கிறவர். ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை வரும். பிணைக்க வேண்டிய இழையோ ஆயிரக்கணக்கில். அதில் நாலு இழை மாறிப் பிணைந்தால் மூன்று புடவையிலும் கோடு விழும். இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 'சார்புத் தொழிலாளர்' என்று ஒரு தனிப்பிரிவு வைத்திருக்கிறது. 2019-20இல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள்; அவர்களில் 8.48 லட்சம் பேர் இந்தப் பிரிவு. நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். விருது வாங்குகிற பட்டியலிலும் புடவை விளம்பரத்திலும் அந்த நாலில் ஒருவரைப் பார்க்க முடியாது.

ஜக்கார்டு பெட்டியைப் பழுது பார்ப்பவரின் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் உறவு புரியும். பெட்டிக்குள் வரிசையாக ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் ஒரு கொக்கியைப் பிடித்திருக்கும், கொக்கியிலிருந்து தொங்கும் கயிறு கீழே பாவிழையைத் தூக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. மிதித்ததும் அட்டை ஊசிகள்மேல் வந்து அழுத்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், கொக்கி எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்படும், கொக்கி எழாது. அவ்வளவுதான் தத்துவம். நெய்த துணியில் தப்பு தெரியும்போதுதான் சாமர்த்தியம் வேண்டும். அன்னத்தின் அலகு ஒவ்வொரு முறை வரும்போதும் அதே இடத்தில் உடைந்திருந்தால் தப்பு அட்டையில்: யாரோ அடிக்காத ஓட்டையை அடித்திருக்கிறார்கள், இல்லையென்றால் அடிக்க வேண்டியதை விட்டிருக்கிறார்கள். உடைந்த இடத்திலிருந்து ஊடையை எண்ணிக்கொண்டே போனால் அந்த அட்டையின் நம்பர் கிடைத்துவிடும். தப்பு ஒரே இழையில் முழு நீளத்துக்கும் ஓடினால் அட்டையைத் தொடவே வேண்டாம்: ஊசி வளைந்திருக்கிறது, அல்லது கயிறு போயிருக்கிறது. சில நேரம் வந்து சில நேரம் வராமல் போக்குக் காட்டினால் அதுதான் கஷ்டமான கேஸ். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை ஊதி, ஓட்டை ஊசிக்கு நேரே நிற்காமல் விலகியிருக்கலாம். தீபாவளி ஆர்டரும் தை முகூர்த்த ஆர்டரும் நெருக்கும் மாதங்களில்தான் அடைமழையும் வரும் என்பது வடகிழக்குப் பருவமழை நெசவாளருக்குச் செய்யும் உபகாரம். இன்றைய சிஸ்டம் அட்மின் ஒருவர் புரோகிராமில் தப்பா, ஹார்டுவேரில் தப்பா, சர்வர் ரூமின் ஏசியில் தப்பா என்று பிரித்துப் பார்ப்பது இதே வரிசையில்தான். அறிகுறியின் வடிவத்திலிருந்து காரணத்துக்குப் போவது, போகிற வழியில் தறியை எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்று கணக்குப் போடுவது என்ற இரண்டு திறமைகளும் பொறியியல் பட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இந்தத் தெருக்களில் கூலிக்குக் கிடைத்தன.

மெஷின் மாறும்போதெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு என்ன ஆனது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. ஜக்கார்டுக்கு முன்னால் 'அடை' என்ற முறை. டிசைனுக்கு ஏற்றபடி பாவிழைகளைக் கொத்துக்கொத்தாக நூலால் கட்டிவைத்து, ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு உதவியாள் உரிய கொத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டிசைன் முழுவதும் அந்தக் கட்டில்தான் இருந்தது. கட்டை அவிழ்த்தால் டிசைன் போயிற்று. ஜக்கார்டு வந்ததும் டிசைன் அட்டைக்கு மாறியது. கழற்றி மடித்து உத்தரத்தில் மாட்டி வைக்கலாம், அடுத்த தறிக்குக் கடன் கொடுக்கலாம். கொத்தைத் தூக்கிய ஆளுக்கு வேலை இல்லாமல் போனது. அட்டை அடிப்பவர் என்று ஒருவர் புதிதாக வந்தார். பிறகு கம்ப்யூட்டரில் டிசைன் போடும் சாஃப்ட்வேர் வந்தது; கிராப் தாளில் வாரக்கணக்கில் கட்டம் நிரப்பிய வேலை மவுஸுக்குப் போனது. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அதில் அட்டையே கிடையாது. டிசைன் ஒரு பென் டிரைவில் வரும், காந்தச் சுருள்கள் கொக்கியைப் பிடிக்கும் அல்லது விடும். அட்டை அடித்தவரின் மெஷின் பழைய இரும்பு ஆகிறது. ஒவ்வொரு முறையும் பழைய உதவியாள் போய்ப் புது உதவியாள் வந்திருக்கிறார் என்பது உண்மை. போனவரும் வந்தவரும் ஒரே ஆள் இல்லை என்பதும், வந்தவர் எண்ணிக்கையில் போனவரைவிடக் குறைவு என்பதும் அதே அளவு உண்மை. தொழில்நுட்பம் வேலையை அழிப்பதில்லை, மாற்றத்தான் செய்கிறது என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

உதவியாள் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டு தாண்டிவிட முடியாத ஒரு விஷயம் உண்டு. காஞ்சியின் பெருமையான கோர்வைக் கரையை, அதாவது உடலோடு வேறு நிறக் கரையைக் கோத்து இணைக்கும் கரையை, நெய்ய மூன்று நாடா வேண்டும், மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் சிறுவர்களின் கை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் தறியில் உட்கார்ந்த நிலைமையை 2003இல் வந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை காஞ்சிபுரத்தைப் பெயர் சொல்லியே பதிவுசெய்தது. அரசும் தொண்டு அமைப்புகளும் அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின. அப்படிப் போனவர்களில் சிலர் பாலிடெக்னிக்குக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போனார்கள். இன்று கோர்வை நெய்ய ஆள் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள், அந்த ஆள் எங்கே போனான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணை வேலை என்பது யார் தலையிலும் கட்டிவிடக்கூடிய, பெயரில்லாத, கூலி பேச உரிமையில்லாத வேலையாக இருந்ததன் கடைசி எல்லை அது.

இதற்கு நேர் எதிரான முன்னோர் காஞ்சிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறார். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பாடப்புத்தகமும் அரசியல் மேடையும் ஜனநாயகத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தத் தேர்தல் எதற்கு என்று கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கிறது. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வட்டங்களிலிருந்து, ஓலை இட்டு எடுத்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. பெரும்பகுதி பராமரிப்பு வேலை: ஏரியைப் பார்ப்பது, தோட்டத்தைப் பார்ப்பது, பொன்னின் மாற்றைப் பார்ப்பது. பதவிக்காலம் 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர் வரிசையே நிற்கக் கூடாது. சம்வத்சர வாரியம் மேலான பொறுப்பு. அதற்கு யாரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று நிபந்தனை இருக்கிறது. ஊரை நிர்வாகம் செய்ய வேண்டும் என்றால் முதலில் ஏரிக்கரையைக் கவனித்திருக்க வேண்டும். ஓடுகிறதை ஓடவைத்துக் காட்டியவனுக்கே மேலே போக வழி. ஒரு நிறுவனத்தில் ஹெல்ப் டெஸ்க்கில் தொடங்கியவர் சர்வர், நெட்வொர்க் என்று ஏறிக் கடைசியில் தகவல் தொழில்நுட்பத் தலைவராக வர முடியுமா என்பது இன்று பல கம்பெனிகளில் விடை தெரியாத கேள்வி. உத்திரமேரூர் சபை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் அதைக் கல்லில் எழுதித் தீர்த்துவைத்திருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். வாரியத்தில் உட்கார வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். ஏரியில் இறங்கி வண்டல் அள்ளியவருக்குக் குடத்தில் ஓலை இல்லை. பல்லவ தந்திவர்மன் காலத்திலேயே வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்றிருந்த அந்த ஏரியில் வண்டல் அள்ளுவதற்குக் கொடை வைத்தவர்களின் பெயர் கல்வெட்டில் உண்டு, அள்ளியவர் பெயர் கிடையாது. ஆகவே வாரியத்தாரைத் தொழில்நுட்பப் பணியாளரின் முன்னோர் என்று கொண்டாடுவது அநியாயம் என்று ஒருவர் சொன்னால், பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மிச்சப் பாதி என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. மதிப்பு வேலையிலிருந்து வரவில்லை, வேலையைச் சுற்றி அமைந்த பதவியிலிருந்து வந்தது: தவணை, தகுதி, கணக்கு, கணக்குக் காட்டாவிட்டால் தண்டனை. அந்தச் சட்டகம் நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. காஞ்சி நகரத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு வைத்த முதலையும் அதன் வட்டியையும் பற்றிப் பேசும் அந்தச் செப்பேடு, கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பை நகரத்துப் பட்டசாலிகளுக்கு, அதாவது அரச குடும்பத்துக்குத் துணி நெய்த நெசவாளர்களுக்குக் கொடுக்கிறது; ஆண்டுக்கு ஆண்டு கணக்குப் பார்க்கவும் ஏற்பாடு செய்கிறது. தறிக்காரர் கையில் ஒரு கோயிலின் நிர்வாகமே இருந்திருக்கிறது. பதவியும் கணக்கும் வந்த இடத்தில் நெசவாளருக்கும் செப்பேட்டில் இடம் கிடைத்தது. ஆனால் அந்த நெசவாளரின் தறியைப் பராமரித்தவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் வரவில்லை. அட்டை அடிப்பவர் அட்டைக்கு இவ்வளவு என்று வாங்கினார், பாவு பிணைப்பவர் பாவுக்கு இவ்வளவு என்று வாங்கினார். தறி ஒழுங்காக ஓடிய நாளுக்கு யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. கெட்டுப்போன நாளுக்குத்தான் கொடுத்தார்கள்.

இந்த இரண்டு வழிகளும் இந்தியக் கணினித் தொழிலில் திரும்பவும் வந்ததை 1970களிலிருந்து பார்க்கலாம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது ஐபிஎம் மறுத்தது, 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அது விட்டுப்போன மெஷின்கள் வங்கிகளிலும் ரயில்வேயிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. செய்தவன் போய்விட்டான், ஓட வைப்பது யார்? 1975இலேயே மத்திய அரசு தொடங்கியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பெயரிலேயே பராமரிப்பு. கணினி செய்வதற்காக இல்லாமல் கணினியைப் பழுது பார்ப்பதற்கென்றே ஒரு அரசு நிறுவனம் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்புவது கஷ்டம். பல கம்பெனிகளின் மெஷின்களைத் திறந்து பார்த்துக் கற்ற அந்தப் பொறியாளர்களின் நிறுவனம்தான் 1980களின் நடுவில் ரயில்வேயின் கணினி முன்பதிவு முறையை உருவாக்கியது. ஏரி வாரியம் பார்த்தவர் சம்வத்சர வாரியத்துக்குப் போன கதைதான் இதுவும். 2001இல் அது டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டது, 2015இல் டிசிஎஸ்ஸோடு கரைந்தது. அதற்குள் 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்துபோயிருந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய கோபால் (COBOL) மொழிப் புரோகிராம்களைத் திருத்தும் வேலை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சலிப்பாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் வாசலைத் திறந்துகொண்டு உள்ளே போனது அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான். நம் சாஃப்ட்வேர் ஏற்றுமதியின் புகழில் எவ்வளவு பங்கு பழுது பார்த்ததால் வந்தது என்பதை விழா மலர்கள் சொல்வதில்லை.

அதன் பிறகு வந்தது ஒப்பந்த முறை. வங்கியோ ஆஸ்பத்திரியோ தன் கணினிப் பராமரிப்பை வெளியே கொடுக்கும், எடுத்த கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கும், கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் இரவு ஷிப்டில் பிரிண்டரைச் சரிசெய்யும் பையனின் சம்பளம் மூன்று கை மாறி வரும். எல்1, எல்2, எல்3 என்று அடுக்கு; டிக்கெட் திறந்தான், டிக்கெட் மூடினான் என்று எண்ணிக்கை. அட்டைக்கு இவ்வளவு என்ற கணக்குதான் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று வேஷம் மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை ஒன்று 1980களின் கடைசியில் தொகுத்த ஐடிஐஎல் என்ற நடைமுறை நூல்கள் இந்தத் தொழிலின் பாலபாடம். அதில் ஒரு நல்ல பாகுபாடு உண்டு: இப்போது நின்றதை ஓடவைப்பது ஒரு வேலை, ஏன் நின்றது என்று வேரைப் பார்த்து மறுபடி நிற்காமல் செய்வது வேறு வேலை. கிழிந்த அட்டையை ஒட்டித்தருவது முதலாவது. மழைக்காலத்துக்கு முன்பே எல்லா அட்டையையும் ஈரம் படாத இடத்துக்கு மாற்றுவது இரண்டாவது. டிக்கெட் எண்ணிக் கூலி கொடுக்கும் இடத்தில் இரண்டாவதைச் செய்ய யாருக்கும் ஆசை வராது. செய்தால் டிக்கெட் குறையும், வருமானம் குறையும். கூகுள் 2003 முதல் வளர்த்தெடுத்த முறை இதற்கு எதிர்த்திசையில் போயிற்று. அங்கே சேவையை ஓடவைக்கும் பொறியாளர்களின் அன்றாடப் பழுது வேலை அவர்கள் நேரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, மீதி நேரத்தில் பழுது வராதபடி புரோகிராம் எழுத வேண்டும். ஒரு சேவை ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டித் தடுமாறினால் புது வசதிகளை வெளியிடுவதையே நிறுத்திவைக்க முடியும். பராமரிக்கிறவனுக்குத் தடுக்கும் அதிகாரம் என்பது வாரியத்துக்கு இருந்த அதிகாரத்தின் சாயல். அதை நல்லெண்ணத்தால் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் சேவை ஒரு மணி நேரம் நின்றால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள்.

காஞ்சியைச் சுற்றியுள்ள இளைஞர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஏனாத்தூரில் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்தது. மேலக்கோட்டையூரில் 2007இல் காஞ்சிபுரத்தின் பெயரிலேயே மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. மாவட்டம் பிரிந்ததில் இடம் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐடிஐயில் கணினி இயக்குபவர் பிரிவு, பாலிடெக்னிக்கில் டிப்ளமா, நெட்வொர்க்கிங் சான்றிதழ், லினக்ஸ் சான்றிதழ், இப்போது கிளவுட் என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை தொடங்கி 2014 நவம்பரில் மூடியபோது, ஒரே பொருளைச் செய்யும் கைகளுக்கு என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் பக்கத்திலிருந்தே பார்த்தது. அங்கே மாட்டல் வரிசையில் நின்றவர்களைவிட, மெஷினையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டவர்களின் கைத்தொழில் அடுத்த ஆலைக்கு எடுத்துப்போகக்கூடியது. ஆனால் இங்கே இரண்டாவது மறுப்பு எழும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குப் போனது தறியைத் தொடர்வதற்காகவா, தறியிலிருந்து தப்பிப்பதற்காகவா? தப்பிப்பதற்காகத்தான். முன்பணக் கடனிலிருந்தும், குழித்தறியில் பன்னிரண்டு மணி நேரம் கால் தொங்கப்போடும் வாழ்க்கையிலிருந்தும் ஓடினார்கள். அதில் ரத்தத்தில் ஊறிய நெசவு ஞானம் என்றெல்லாம் கண்டுபிடிப்பது ஊருக்கு வெளியே இருப்பவர்களின் பொழுதுபோக்கு. நான் சொல்லும் தொடர்ச்சி ஆட்களின் தொடர்ச்சி அல்ல, ஏற்பாட்டின் தொடர்ச்சி. ஓடியவர்கள் போய்ச்சேர்ந்த இடத்திலும் அதே துண்டுக் கூலி ஏற்பாடு காத்திருந்தால், தப்பித்தோம் என்று எந்த அளவுக்குச் சொல்லிக்கொள்ள முடியும்?

மூன்றாவது மறுப்பு இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது: பாஸ்வேர்டு மாற்றித்தருவதையும் சர்வர் நிரம்பினால் இடம் கூட்டுவதையும் மெஷினே செய்துகொள்ளும் காலத்தில் இந்த வேலையைப் பற்றிப் பேசி என்ன பயன்? அடை போய் ஜக்கார்டு வந்த கணக்குதான் இதற்கும் என்று நினைக்கிறேன். கொத்தைத் தூக்குகிற வேலை போகும், அதாவது சொன்னதைச் சொன்னபடி செய்யும் எல்1 வேலை. அதில் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. போகிற வேலை அதிகம், வருகிற வேலை குறைவு என்பதைக் காஞ்சியின் வரலாறே காட்டுகிறது. எஞ்சுவது, மெஷின் தானாகச் செய்துகொண்டது ஏன் தப்பாய்ப் போனது என்று ஊடை எண்ணிப் பின்னால் போகத் தெரிந்தவரின் வேலை. அவருக்கு முன்பைவிடக் கூடுதல் படிப்பு வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குக் காஞ்சிபுரத்துக்குள்ளேயே இப்போது வேலை இருக்கிறது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு பூட்டிய கைத்தறி நின்றுபோனால் பழைய பெட்டிக்காரரால் அதைத் தொட முடியாது. காந்தச் சுருள் போயிருக்கலாம், கன்ட்ரோல் போர்டு போயிருக்கலாம், மின்சாரம் ஏறி இறங்கியதில் மெமரி அழிந்திருக்கலாம், டிசைன் ஃபைலே தப்பான அளவில் சேமித்திருக்கலாம். நெசவாளர் விற்றவருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. ஐடியில் படித்த பையன் ஒருவன் இதைக் கற்றுக்கொண்டு, வண்டியில் மீட்டரும் சால்டரிங் அயர்னும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு, தறிக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கலாம். பழைய பெட்டிக்காரரின் வாழ்க்கைதான், கொஞ்சம் கூடுதல் காசோடு. இன்னொரு வழியும் இருக்கிறது. காமாட்சியம்மன் பெயரிலும் அண்ணா பெயரிலும் நடக்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊரில் இருக்கின்றன. அவற்றுக்குத் தலைவர் உண்டு, பேரேடு உண்டு, ஆண்டுத் தணிக்கை உண்டு. உறுப்பினரின் தறிகளுக்கென்று ஒரு பராமரிப்புப் பொறியாளரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளச் சங்கத்துக்கு என்ன தடை? சங்க நிதியில் அவருக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். பழுதான தறிகளை எண்ணாமல் ஓடிய தறிகளை எண்ணி அவர் வேலையை அளக்க வேண்டும். எந்தத் தறி எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது என்று பொதுக்குழுவுக்கு ஆண்டுக்கொரு முறை அவர் எழுதிக் காட்ட வேண்டும். மட்டமான போர்டை விற்கும் சப்ளையரை நிராகரிக்கும் கையெழுத்தும் அவரிடம் இருக்க வேண்டும். செலவு அதிகம் என்று சங்கம் சொல்லலாம். ஒரு முகூர்த்த மாதத்தில் இருபது தறி நாலு நாள் நின்றால் எத்தனை புடவை போகும் என்று சங்கத்துக் கணக்குப்பிள்ளையிடமே கேட்டுவிட்டு அந்தப் பேச்சைத் தொடரலாம்.